செம்மலை சொன்ன பெயர்

கண்டரமாணிக்கத்திலிருந்து, தம்மோடு ராணுவத்தில் இருந்த சேவுகப்பெருமாளின் மனைவி நாகவல்லி போன் செய்தபோது செம்மலை மானகிரியில் தம் கொல்லைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். மோட்டார் சத்தத்தில் காது கேட்கவில்லை. அதை நிறுத்திவிட்டு வரப்பில் நின்று பேசினார்.

"அண்ணே, வர்ற ஜூனோட அவுக போயி இருபத்தஞ்சு வருசம் ஆகுது. பள்ளிக்கூடத்துல ஒரு நினைவு மலர் போடுறாக. நீங்க ஒண்ணு எழுதித் தரணும்."

"நான் என்னத்தை எழுதப்போறேன் தங்கச்சி? வருசா வருசம் மேடையில பேசுறதுதானே."

"அது இல்லண்ணே. அந்த மலைக்கு யாரை முன்னால அனுப்புறதுன்னு வந்தப்ப, அத்தனை பேருல அவுகளை எப்படிப் பொறுக்குனாக, ஏன் பொறுக்குனாக, அதை எழுதணும். எட்மாஸ்டர் கேக்குறாரு. எனக்கும் தெரிஞ்சுக்கணும். நீங்கதானே பக்கத்துல இருந்தீக."

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு செம்மலை போனைச் சட்டைப் பையில் போட்டார். மோட்டாரை மறுபடி போட மறந்து வீட்டுக்கு வந்துவிட்டார்.

அவருக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. ராணுவத்தில் இருபத்தெட்டு வருடம் இருந்து, சுபேதார் மேஜர் வரை வந்து, ஓய்வு பெறும்போது கௌரவ கேப்டன் பட்டத்தோடு ஊர் திரும்பியவர். ஊரில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, கேப்டன்தான். எல்லையில் பதற்றம் என்று செய்தி வந்துவிட்டால் சாக்கோட்டை டீக்கடையில் அவரைச் சுற்றிக் கூட்டம் கூடிவிடும். யாரைத் தளபதியாகப் போடுவார்கள், எதை வைத்துப் போடுவார்கள் என்று கேட்பார்கள். அவரும் பொறுமையாகச் சொல்வார். பெரிய பதவிகளுக்கு வருடக்கணக்கான ரகசிய அறிக்கை இருக்கும், பணி மூப்பு பார்ப்பார்கள், எந்த நிலத்தில் சண்டை போட்ட அனுபவம் என்று பார்ப்பார்கள், நாலு பேர் உட்கார்ந்து பேசுவார்கள்.

"ஆனா அதெல்லாம் மேல. கீழ வர வர வேற மாதிரி. போட்டு வச்ச ஆளு குண்டடிபட்டு விழுந்துருவான், இல்ல காய்ச்சல்ல படுத்துருவான். அப்ப கால் மணி நேரத்துல இன்னொருத்தனைச் சொல்லணும். அங்க ஃபைலும் கிடையாது, போர்டும் கிடையாது. ஒரு ஆபீசரு கேப்பாரு, ஒரு ஆளு பதில் சொல்லுவான். அம்புட்டுத்தான்."

அந்த 'ஒரு ஆள்' யார் என்று டீக்கடையில் யாரும் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

மானாவாரி விவசாயக் குடும்பத்தில் மூன்றாவது பிள்ளை செம்மலை. 1980இல் ஆள் எடுத்தபோது வெறுங்காலில் ஓடித் தேறினார். பெரிய வீரம் என்று அவரிடம் எதுவும் இருந்ததில்லை, அது அவருக்கே தெரியும். அவரிடம் இருந்தது வேறு. கம்பெனியில் இருந்த நூற்றிருபது பேரின் பெயரும் ஊரும் மட்டுமல்ல, யார் உயரத்துக்குப் பயப்படுவான், யார் கடிதம் வராவிட்டால் சாப்பிட மாட்டான், யார் நெருக்கடியில் வாய் ஓயாமல் பேசுவான், யார் அடங்கிப்போவான் என்பதும் அவருக்கு அத்துபடி. ரோந்துக்கு யாரை அனுப்புவது, காவலுக்கு யாரைப் போடுவது என்று அதிகாரிகள் அவரைத்தான் கேட்பார்கள். அவர் சொல்லும் ஆள் பெரும்பாலும் சரியாகவே இருப்பான். அதில் அவருக்கு ஒரு கர்வமும் உண்டு.

சேவுகப்பெருமாள் ஐந்து வருடம் பிந்திச் சேர்ந்தவர். புதிதாக வந்த பையன்களிடம் ஊர் விசாரித்துக்கொண்டு வந்த செம்மலை, 'கண்டரமாணிக்கம்' என்று கேட்டதும் அங்கேயே நின்றுவிட்டார். அன்றிலிருந்து இருவரும் ஒரே ரயிலில் விடுமுறைக்கு வந்து காரைக்குடியில் இறங்கி, ஒன்றாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் பிரிவார்கள். பெருமாள் ஒல்லியான உடம்பு. பாறையைக் கண்டால் உடும்பு மாதிரி ஒட்டிக்கொள்வார். பனிமலைப் பயிற்சிக்கு அனுப்பியதில் முதல் ஆளாகத் தேறி வந்தார், சின்ன வயதிலேயே நாயப் சுபேதார் ஆனார். அவருக்கு நாகவல்லியைப் பெண் பார்க்கப் போனபோது செம்மலையும் மனைவி மலையம்மாளும் உடன் போனார்கள். மூன்று வருடம் கழித்து சினேகா பிறந்தாள்.

அவள் பிறந்து ஒரு வருடம்கூட ஆகாத நிலையில்தான் வடக்கே மலையில் சண்டை வந்தது.

பதினாறாயிரம் அடி உயரம். எதிரி உட்கார்ந்திருந்த முகட்டை அன்றிரவு பிடித்தாக வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு. முன்னால் ஏற வேண்டிய பிளட்டூனின் லெப்டினன்ட்டுக்கு நுரையீரலில் நீர் கோத்து, காலையில் அவரை ஸ்ட்ரெச்சரில் வைத்துக் கீழே இறக்கியிருந்தார்கள். அந்த பிளட்டூனில் அடுத்து இருந்தவர் ஒரு ஹவில்தார், அவரும் புதியவர். தலைமைக்கு மாற்றி அனுப்பக்கூடிய நிலையில் கம்பெனியில் இருந்தது இரண்டு பேர்தான். ஒருவர் மூத்த சுபேதார் செம்மலை. மற்றவர் பெருமாள்.

மதியம் இரண்டு மணி இருக்கும். மேஜர் செம்மலையைக் கூடாரத்துக்குக் கூப்பிட்டார். மேஜர் வடக்கத்திக்காரர், கம்பெனிக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. வரைபடத்தை மடியில் விரித்துக்கொண்டு, மூத்த சுபேதாருக்குரிய மரியாதையோடு 'சாப்' என்று அழைத்து இந்தியில் பேசினார்.

"சாப், முறைப்படி பார்த்தால் நீங்கள்தான் போக வேண்டும். ஆட்களுக்கு உங்களைத் தெரியும், உங்கள் பேச்சைக் கேட்பார்கள். ஆனால் கடைசி இருநூறு அடி செங்குத்து. கயிறு கட்டி ஏற வேண்டும். அதற்குப் பெருமாள் இருக்கிறான். இவர்களை எனக்கு இன்னும் சரியாகத் தெரியாது. நீங்கள் சொல்லுங்கள்."

செம்மலை வரைபடத்தைக் குனிந்து பார்த்தார். மேஜரே கேட்டார்: "உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?"

பத்து நாளைக்கு முன் பனியில் சறுக்கி முழங்கால் வீங்கியிருந்தது உண்மை. வீக்கம் வற்றி நாலு நாள் ஆகிவிட்டதும் உண்மை. அன்று காலையில்தான் இரண்டு நடை வெடிமருந்துப் பெட்டி சுமந்து மேலே ஏற்றியிருந்தார். வலி இல்லை.

"கொஞ்சம் இருக்கு சாப். பெருமாள்தான் சரி. மலையை அவனுக்குத்தான் தெரியும்," என்றார்.

மேஜர் தலையை ஆட்டிக் காகிதத்தில் பெயரைக் குறித்துக்கொண்டார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. செம்மலை சல்யூட் அடித்துவிட்டு வெளியே வந்தார். வந்தவர் நொண்டி நடந்தார். மேஜர் பார்த்துக்கொண்டிருக்கிறாரா என்று திரும்பிப் பார்க்கத் துணிவில்லாமல், பாறை மறைக்கும் வரை நொண்டிக்கொண்டே போனார்.

செய்தியைப் பெருமாளிடம் அவர்தான் சொன்னார். பெருமாள் சாக்ஸ் மாற்றிக்கொண்டிருந்தார். கேட்டதும் ஒரு நிமிடம் முகட்டை அண்ணாந்து பார்த்தார்.

"நீங்க வரலையாண்ணே?"

"முழங்காலு."

"அட, இன்னுமா வலிக்குது? சொல்லவே இல்லையே." பெருமாள் பையைத் துழாவி ஒரு சின்னக் குப்பியை எடுத்தார். "நாகு அனுப்புன தைலம். சூடு பறக்கத் தேய்ங்க. நாளைக்கு எந்திருச்சு ஓடுவீக."

இருட்டியதும் அவர்கள் ஏறினார்கள். செம்மலை கீழே வயர்லெஸ் பக்கத்தில் இருந்தார். விடிந்தபோது முகடு கைக்கு வந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அதற்குப் பின்னாலேயே இறந்துபோன நாலு பேரின் பெயர்கள் வந்தன. முதல் பெயர் பெருமாளுடையது. செங்குத்தில் முதல் ஆளாக ஏறிக் கயிற்றைக் கட்டி இறக்கிவிட்டதே அவர்தான் என்றும், அந்தக் கயிறு இல்லாவிட்டால் ஒருவர்கூட மேலே போயிருக்க முடியாது என்றும் இறங்கி வந்தவர்கள் சொன்னார்கள்.

மேஜர் செம்மலையின் தோளைத் தொட்டு, "சரியான ஆளைச் சொன்னீர்கள் சாப்," என்றார். செம்மலை அந்தக் கையை உதறிவிட நினைத்தார், முடியவில்லை. அந்த வருடக் கடைசியில் அவருக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் வந்தது. ஆட்களைப் பற்றிய சிறந்த கணிப்பு என்று அதில் அச்சிட்டிருந்தார்கள். அதை அவர் வீட்டுச் சுவரில் மாட்டவில்லை. டிரங்குப் பெட்டியில் யூனிஃபார்முக்கு அடியில் போட்டுவிட்டார்.

பெருமாளைப் பற்றி அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் அவரை வதைத்தது. செங்குத்தில் அவர் ஏறியிருந்தால் பாதியில் நின்றிருப்பார், ஒருவேளை இன்னும் அதிகம் பேர் செத்திருப்பார்கள். யார் கேட்டாலும் பெருமாள்தான் சரியான ஆள். ஆனால் அன்று மதியம் அவர் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்தது அதற்காகத்தானா? மேஜர் வாயைத் திறப்பதற்கு முன்பே அவரைப் பயம் பிடித்துக்கொண்டிருந்தது. வேறு யார் பெயராவது இருக்காதா என்று மனம் தேடிக்கொண்டிருந்தது. கிடைத்த பெயர் தகுதியான பெயராகவும் இருந்துவிட்டது, அவ்வளவுதான். பெருமாளுக்கு மலை ஏறத் தெரியாமல் இருந்திருந்தாலும் தாம் அவரைத்தான் சொல்லியிருப்போமோ என்ற கேள்விக்கு இத்தனை வருடத்தில் அவருக்கு விடை கிடைக்கவில்லை.

நாலு மாதம் கழித்து விடுமுறையில் கண்டரமாணிக்கம் போனபோது, "நீங்க பக்கத்துல இருந்தீகளாண்ணே?" என்று நாகவல்லி கேட்டார். கைக்குழந்தையோடு நின்ற அந்தப் பெண்ணிடம், "பக்கத்துலதான் இருந்தேன்," என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அதை மாற்றிச் சொல்ல வழியே இல்லாமல் போயிற்று.

நாகவல்லி சத்துணவு அமைப்பாளர் ஆனார், தனியாளாக சினேகாவை வளர்த்தார். வருடா வருடம் ஜூனில் பள்ளிக்கூட வாசலில் இருந்த பெருமாளின் நினைவுக் கல்லுக்கு மாலை போடும்போது செம்மலைதான் மேடையில் பேசுவார். பணியில் இருந்த கடைசி வருடங்களில் ஆபத்தான காரியம் எதற்காவது பெயர் கேட்டால், செம்மலை தம் பெயரை முதலில் எழுதிக் கொடுப்பார். நாற்பத்து நாலு வயது சுபேதார் மேஜரை யார் அனுப்புவார்கள்? அதிகாரிகள் சிரித்துக்கொண்டே அந்தப் பெயரை அடித்துவிடுவார்கள்.

இப்போது மலருக்கு எழுத உட்கார்ந்தார். கோடு போட்ட நோட்டில் ஒரு பக்கம் வந்தது. பெருமாளின் பயிற்சி, மூச்சுப்பலம், ஆட்கள் அவர்மேல் வைத்திருந்த நம்பிக்கை எல்லாம் வந்தன. ஒவ்வொரு வரியும் உண்மை. படித்துப் பார்த்துவிட்டுக் கிழித்தார். அடுத்ததில் மேஜர் கேட்ட கேள்வியை எழுதினார், தம் பதிலுக்கு வந்ததும் பேனா நின்றது. ஒரு வாரம் இப்படியே ஓடியது. "அந்த மனுசனைப் பத்தி எழுத உங்களுக்கா வார்த்தை பஞ்சம்?" என்று மலையம்மாள் கேட்டார். அவருக்கும் இது தெரியாது.

எட்டாம் நாள் காலையில் செம்மலை பஸ் ஏறிக் கண்டரமாணிக்கம் போனார்.

நாகவல்லி மலருக்கான பழைய போட்டோக்களைக் கட்டிலில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வாங்கண்ணே, எழுதிக் கொண்டாந்துட்டீகளா?" என்று எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"எழுத வரலை தங்கச்சி. அதான் நேர்ல சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். நீ உக்காரு."

சொன்னார். கூடாரம், மேஜர், வரைபடம், முழங்கால் எல்லாம் சொன்னார். வலி இல்லை என்பதைச் சொன்னார். நொண்டி நடந்ததைச் சொல்லும்போது நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு மிச்சத்தையும் சொன்னார். நாகவல்லி ஒரு போட்டோவின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தார்.

"அவுகளுக்குத் தெரியுமா?" என்றார் கடைசியில்.

"என்னது?"

"உங்களுக்கு வலி இல்லைங்கிறது."

"தெரியாது. வலிக்குதுன்னுதான் நெனைச்சான். தைலம் குடுத்தான்."

"காரைக்குடியில நானே போயி வாங்கி அனுப்புனது அது." நாகவல்லி கையிலிருந்த போட்டோவைக் கீழே வைத்தார். "தேச்சீகளா?"

செம்மலை, இல்லை என்று தலையை மட்டும் அசைத்தார்.

"பக்கத்துல இருந்தேன்னு சொன்னீகளே, அதுவும் இல்லையா?"

"கீழ இருந்தேன். வயர்லெஸ்கிட்ட."

"நான் இத்தனை வருசமா, கடைசியில ஒரு ஊர்க்கார மனுசன் கூட இருந்தாருன்னு நெனைச்சுக்கிட்டிருந்தேன்," என்றார் நாகவல்லி. கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம் என்று செம்மலைக்குத் தோன்றியது.

"இதை அப்படியே எழுதிடுறேன். ஊருக்குத் தெரியட்டும்."

"வேணாம்." அந்தச் சொல் சட்டென்று வந்தது. "அவுகதான் தகுதியான ஆளுங்கிறது பொய்யா?"

"பொய்யில்ல. சத்தியமாப் பொய்யில்ல. அன்னைக்கு அந்த மலைக்கு அவனை விட்டா ஆளு கிடையாது."

"அப்ப அதை மட்டும் எழுதுங்க. எம்மக அந்த ஒரு பெருமையிலதான் வளந்திருக்கா. அவங்கப்பன் உசந்தவன், அதனால அனுப்புனாகன்னு. அதுல கொண்டாந்து உங்க முழங்காலை வைக்காதீக. மிச்சத்தை நீங்களே வச்சுக்கங்க."

செம்மலை எழுந்தார். மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தார். நாகவல்லி போட்டோக்களை அடுக்க ஆரம்பித்துவிட்டதைப் பார்த்து அதைச் சொல்லாமலே படி இறங்கினார். காபி குடிக்காமல் அந்த வீட்டிலிருந்து அவர் திரும்பியது அதுதான் முதல் தடவை.

அன்றே எழுதிக் கொடுத்துவிட்டார். விழாவுக்கு நல்ல கூட்டம். ஒன்றியத்திலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். சினேகா சென்னையிலிருந்து கணவரோடு வந்திருந்தாள். மலரில் வந்ததைப் படிக்கச் சொல்லி செம்மலையை மேடைக்கு அழைத்தார்கள். கடிதம் படிப்பது போல் நிதானமாகப் படித்தார். "அன்று எங்களில் அந்த முகட்டுக்குத் தகுதியானவர் அவர் ஒருவரே" என்ற வரி வந்தபோது கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் சினேகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் பக்கத்தில் நாகவல்லி நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். படித்து முடியும் வரை ஒருமுறைகூட மேடையைப் பார்க்கவில்லை.

இறங்கி வந்ததும் சினேகா ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, இதை அன்னைக்கே எழுதியிருக்கலாம்ல? அப்பாவை ஏன் செலக்ட் பண்ணாங்கன்னு சின்னப் புள்ளையிலேருந்து கேட்டுக்கிட்டே இருப்பேன். இன்னைக்குத்தான் முழுசாத் தெரிஞ்சுச்சு."

"ஆமா தாயி," என்றார் செம்மலை.

திரும்பி வரும் பஸ்ஸில் மலையம்மாள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். குன்றக்குடி தாண்டியதும், "என்ன செய்யுது உங்களுக்கு? நெஞ்சு வலியா?" என்று கேட்டார். செம்மலை மனைவியிடமும் சொல்லிவிட்டார். பஸ் இரைச்சலில் காதோடு சொன்னார். மலையம்மாள் மானகிரி நிறுத்தம் நெருங்கும்போதுதான் வாய் திறந்தார்.

"நீங்க போயிருந்தா அந்த மொத வரிசையில நானுல்ல உக்காந்திருப்பேன். நீங்க நொண்டுனதுக்கு நான் வருத்தப்படணுமா, சந்தோசப்படணுமா? எதுன்னு சொல்லுங்க."

இருவரும் இறங்கி, ஒருவர் பின் ஒருவராக வீட்டுக்கு நடந்தார்கள்.

அடுத்த வருடமும் கண்டரமாணிக்கத்திலிருந்து அழைப்பிதழ் வந்தது. முன்பெல்லாம் நாகவல்லியே போன் செய்துவிட்டுப் பிறகு தபாலில் அனுப்புவார். இந்தமுறை தபால் மட்டும்தான். பேசுபவர்கள் பட்டியலில் செம்மலையின் பெயர் இல்லை. போகலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் தடுமாறிவிட்டுப் போனார். கடைசி வரிசையில் உட்கார்ந்தார். நாகவல்லி எல்லோருக்கும் தட்டில் காபி கொடுத்துக்கொண்டே வந்தவர், அவர் முன்னாலும் நின்று ஒரு தம்ளரை எடுத்து நீட்டினார்.

"மலையம்மா மதினி வரலையா?"

"மேலுக்கு முடியலை."

"கேட்டதாச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். காபி சூடாக இருந்தது. மேடையில் அந்த வருடம் புதிதாகப் பேச வந்தவர், போர்க்களத்தில் தலைவர்களைத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு பெரிய கலை என்று உணர்ச்சியோடு பேசிக்கொண்டிருந்தார். செம்மலை தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கடைசி வரை கேட்டுவிட்டுத்தான் எழுந்தார்.